எல்லாம் இவன் பிடித்தது

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயில் ஒரே கூரையின் கீழ் மூன்று சாப்பாட்டுக் கடைகள். நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் யுகேந்திரனின் பிரியாணி, இந்தப் பக்கம் புனிதாவின் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. மூலையில் தே தாரிக் டீ ஆற்றுகிறவன் நான், சீனி. யார் பக்கமும் சேராதவன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு.

யுகேந்திரன் தன் மேசைகளை ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டி நகர்த்திக்கொண்டே வந்தான். கூட்டமும் அவனிடம்தான். கடைசியில் கூரைக்குச் சொந்தக்காரரான தவுக்கே வந்து, மாதக் கடைசிவரை பார்ப்பேன், அப்போதும் புனிதாவின் மேசைகள் காலியாகக் கிடந்தால் அவள் இடத்தையும் யுகேந்திரனுக்கே கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கோ அந்த அடுப்பை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

புனிதா பாகான் டத்தோ கடற்கரைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி விட்டு வந்தால் சோத்தோங், அதுதான் கணவாய், கழுவுவதுதான் வேலை. "கல்யாணம் கட்டிப் போனா இந்தக் கருமத்தைத் தொடவே மாட்டேன்" என்று சத்தியம் பண்ணினாள். இன்றுவரை தொடவில்லை. அப்படி ஒரு பிடிவாதக்காரி.

ஈப்போவில் மீனாள் ஆச்சி நடத்தும் காப்பிக் கடைக்கு அவள்தான் கறிபாப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறாள். அங்கே சுவரில் ஒரு பழைய நிலப்படம். தொப்பி போட்ட ஒரு ஜந்து, பர்மா, மலாயா, இந்தியா எல்லாவற்றின் மேலும் கையை நீட்டி அமுக்கிக்கொண்டிருக்கும்.

"என்ன ஆச்சி, சோத்தோங்கா?"

"ஆக்டோபஸ்டி. ஜப்பான்காரன் காலத்துல ஒட்டுனது. வெள்ளைக்காரன் எல்லா ஊரையும் புடிச்சுக்கிட்டான் பாருன்னு நம்ம ஆளுங்களுக்குக் காட்ட."

"அப்ப ஜப்பான்காரன் புடிச்ச ஊரெல்லாம்?"

"அதை அவனே வரைவானா? தன் நாட்டை ஓரத்துல சாதுவா போட்டிருக்கான் பாரு."

"கெட்டிக்காரன்லா!" என்றாள் புனிதா. ஆச்சி அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை எங்கள் கூரைக்கு முன்னால் ஒரு பேனர் தொங்கியது. எங்கள் கடைகளின் வரைபடம். நடுவில் ஆக்டோபஸ், அதற்கு யுகேந்திரனின் முறுக்கு மீசை. எல்லா மேசை மேலும் அதன் கை. மேலே கொட்டை எழுத்தில் "எல்லாம் இவன் பிடித்தது!" ஓரத்தில் பாவமாகப் புனிதாவின் கடை. என் வாசலில் அவள் தள்ளிப் போட்டிருந்த இரண்டு மேசைகளைப் படத்தில் காணோம். அதுகூடப் பரவாயில்லை, என் கடையை எலிப்புழுக்கை அளவுக்குப் போட்டிருந்தாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

கேமரன் மலைக்குப் போகிற கார்கள் நின்றன. இறங்கியவர்கள் படத்தைப் படித்தார்கள், மீசையை அடையாளம் கண்டார்கள், நேரே யுகேந்திரனிடம் போனார்கள்.

"அண்ணே, நீங்களே புடிச்ச சோத்தோங்கா? நாலு பிளேட் சம்பல் போடுங்கலா!"

யுகேந்திரன் திருதிருவென்று விழித்தான். பிறகு, சோத்தோங் முடிந்துவிட்டது, பிரியாணி இருக்கிறது என்று சமாளித்து உட்கார வைத்தான். அவன் மேசைகள் நிறைந்துபோய், புனிதாவின் மேசைகளிலும் அவன் பிரியாணியைத் தின்றார்கள். புனிதா அடுப்பை அணைத்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கோபமெல்லாம் போய் எனக்கே பாவமாகிவிட்டது.

மத்தியானம் யுகேந்திரன் பல்லை இளித்துக்கொண்டு வந்தான். "அக்கா, படத்தைக் கழட்டிறாதீங்க. நாளையிலிருந்து நான் சோத்தோங் போடப் போறேன்."

"மைப்பை எது, முள்ளு எதுன்னு தெரியுமாடா உனக்கு?"

"யூடியூப்ல பார்த்துக்கலாம்லா."

புனிதா விருட்டென்று எழுந்தாள். "சீனி அண்ணே, பெயிண்ட் இருக்கா?"

நான்தான் யார் பக்கமும் சேராதவன் ஆயிற்றே. ஆனாலும் இருந்தது, கொடுத்தேன். காதோடு ஒரு நிபந்தனையும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மீசையைக் காணோம். அந்த ஜந்துவுக்கு மூக்குத்தி, பொட்டு. 'இவன்', 'இவள்' ஆகியிருந்தது. சத்தியத்தை விட்டுவிட்டு மீன் பசாருக்குப் போய் வந்தவளின் விரலெல்லாம் சோத்தோங் மை. சம்பல் வாசனை சாலை வரைக்கும் போனது. வந்தவர்கள் யுகேந்திரனின் மேசைகளிலும் உட்கார்ந்து புனிதாவின் சோத்தோங்கைத் தின்றார்கள்.

மாதக் கடைசியில் வந்த தவுக்கே இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நிறைய சோத்தோங்.

யுகேந்திரன் என்னிடம் வந்து புலம்பினான். "பாருங்கண்ணே, என் மேசை மேலெல்லாம் அவங்க கை! நீங்க நியாயமான ஆளு, நீங்களே சொல்லுங்க."

நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். என் கடை இப்போது அவன் கடையைவிட மூன்று மடங்கு பெரிது.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது தம்பி" என்றேன்.