மூணாவதுங்க

எங்கள் மலையில் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. சிறுநீர் எரிந்தால் சூடு, வெள்ளைப்பட்டால் சூடு, பெண்ணுறுப்பில் அரித்தாலும் சூடுதான். அரிப்பு என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. சண்டையில் ஒருத்தி இன்னொருத்தியை ஏசும்போது மட்டும் அது வெளியே வரும்.

நான் தாவரவியல் படித்தவள். கல்லூரியில் பூஞ்சைகளைப் பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் மகளுக்கு ஆறு மாதமானபோது எனக்கே அது வந்ததும், அடிவாரத்து மருந்துக்கடையில் நின்று "சூடுங்க" என்றுதான் சொன்னேன்.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுங்களா?" என்றார் கடைக்காரர்.

எரியவும் செய்தது. பின்னால் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். "ஆமாங்க" என்றேன். கேப்சூல் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அரிப்பு அதிகமானது. போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி போய் அதையே வாங்கினேன்.

பிறகு ஒரு கிளினிக்கில் காட்டியதில் பூஞ்சைக்கு மாத்திரை எழுதினார்கள். மூன்று நாளைக்கு ஒன்றாக மூன்று. முதல் மாத்திரையிலேயே அடங்கிவிட்டது. பால் கொடுக்கிறவள் தேவையில்லாமல் மருந்து சாப்பிடக்கூடாது என்று நானே முடிவு செய்து, மீதி இரண்டை நங்கையாளுக்கு, அதாவது வீட்டுக்காரரின் அக்காவுக்குக் கொடுத்தேன். அவருக்கும் அதே சூடு. அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றைப் பத்திரமாக எடுத்து வைத்தார். அடுத்த மாதம் எனக்குத் திரும்ப வந்தபோது அந்த ஒன்றும் என்னிடமே திரும்பி வந்தது.

இப்படி வாங்குவதும் பங்கு போடுவதுமாகச் சில மாதங்கள் போயின. கடைசியில் அந்த மாத்திரை கேட்கவே இல்லை. இனி எந்த மருந்தும் கேட்காதோ, அப்படி ஆக்கியது நானேதானோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு, மலைமேல் இருக்கும் எங்கள் திண்ணனூர் நாட்டிலிருந்து இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் மாறி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வளைவுக்கு வளைவு சீட்டில் நெளிந்தபடி, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை உதவவில்லை.

"சூடுங்க."

"சூடுன்னா நான் என்னன்னும்மா எழுதறது? எரிச்சலா, வெள்ளையா, அரிப்பா?" என்றார் டாக்டரம்மா.

தரையைப் பார்த்துக்கொண்டு "மூணாவதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார். முதலில் வாங்கிய கேப்சூல் பாக்டீரியாவைக் கொல்வதாம். பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் செத்துப்போய்விடுமாம். பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

முடிவு வாங்கப் போன அன்று லேபில் இருந்த பெண்ணிடம், "அத நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரிப்போர்ட்டத்தான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க பயிரயே கேக்கறீங்களேக்கா" என்று, என் பூஞ்சையை வளர்த்து வைத்திருந்த மூடிய வட்டத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

தட்டு முழுக்க இட்லி மாவைத் தடவியது போல ஒரு பூச்சு. அதன்மேல் பொட்டு அளவில் காகித வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. சில பொட்டுகளைச் சுற்றி வளையமாக வெற்றிடம். அங்கே பூஞ்சை அண்டவில்லை. ஒரு பொட்டை மட்டும் உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது.

"நீங்க சாப்பிட்ட மாத்திரை அதுதாங்கக்கா. பயமே இல்ல பாருங்க பூஞ்சைக்கு."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கண்ணை எடுக்க முடியவில்லை. ரெக்கார்டு நோட்டில் நான் வரைந்த எதுவும் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததில்லை.

"நான் பாதியில நிறுத்தினதாலயாங்க?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இருக்கலாம். சில வகை ஆரம்பத்துலேயே இந்த மாத்திரைக்கு அசையாது. உங்களுது எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. வேற மருந்து இருக்கு, உள்ள வைக்கறது. பதினாலு நாள். நின்னுபோச்சுன்னு விட்றக்கூடாது. பால் குடுக்கலாம்."

ஆறாம் நாள் அரிப்பு நின்றது. நான் வழக்கமாக நிறுத்துகிற இடம். அன்றைக்கென்று பார்த்து நங்கையாள் வந்தார்.

"புது மாத்திரையாமா கண்ணு? ரெண்டு குடு. எனக்குச் சூடு வுடவே மாட்டீங்குது."

"குடுக்கமாட்டேனுங்க."

"அட, படிச்ச புள்ளைக்குக் கை சுருங்கிப்போச்சு."

"இது வாய்ல போடறது இல்லீங்க." எங்கே வைப்பது என்று சொன்னேன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப நீயே வெச்சுக்க."

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, டாக்டரிடம் போய் அரிப்பு என்று சொல்லும்படி கெஞ்சினேன்.

"அந்த வார்த்தைய நானே என்னையச் சொல்றதா? ஊருல ஒருத்தி சொன்னதில்ல இதுவரைக்கும்."

பதினாலும் முடிந்து நான் மறுபடி காட்டப் போனபோது அவரும் பஸ் ஏறினார். டாக்டர் நிமிர்வதற்குள், "எனக்கும் மூணாவதுங்க" என்றார்.

சில நாள் கழித்து லேபில், அன்று எங்கள் இருவரிடமும் எடுத்த மாதிரிகளின் தட்டுகளைக் கேட்டுப் பார்த்தோம். என்னுடையதில் எதுவும் வளரவில்லை. நங்கையாளுடையதில் அந்தப் பழைய மாத்திரையின் பொட்டு எங்கே என்று, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குனிந்து தேடினேன். அதைச் சுற்றி அகலமாக வளையம் இருந்தது. அவருக்கு அந்த மாத்திரை இன்னும் கேட்கும்.

இந்த முறை மூன்றையும் அவரே சாப்பிட்டார். மூன்று தடவையும் நான் எதிரில் நின்றேன்.