ஏறி உட்கார ஒரு செங்கல்

உக்குவளையில் கண்டி ரோட்டோரமாக ஜூலியட்டின் வண்ணமீன் கடை இருக்கிறது. அங்கே மீன் வாங்குவது சுலபம். ஆமை வாங்குவதுதான் பெரும்பாடு. "ஒரு ஆமைக்குஞ்சு கேட்டுப் போனேன், பொண்ணு கேட்டுப் போனவனை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சிட்டாங்க" என்று புலம்பிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பியவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

பக்கத்துப் புடவைக்கடை நஸ்மியாவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "ஜூலியட் அக்கா, அப்படியே ஜாதகத்தையும் வாங்கிப் பாத்துருங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். ஜூலியட் சிரிப்பாளே தவிர, கேள்விகளில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டாள். எங்கே வைப்பீங்க? தண்ணி யார் மாத்துவா? வெயில் படுமா? பெருசானா என்ன செய்வீங்க? சுது கங்கையில கொண்டுபோய் விட்டுட மாட்டீங்களே? வளர்க்க முடியாவிட்டால் தன்னிடமே திருப்பிக் கொண்டுவரச் சொல்வாள்.

அவள் விற்பது காதோரம் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமை. நாட்டு ஆமையைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பல்லேகமப் பக்கத்துக் காட்டில் அபூர்வமான ஓணான் பிடித்துத் தருவதாக வந்த ஒரு ஆளை அவள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழியனுப்பினாள். அந்த ஆள் குடையை மறந்துவிட்டுப் போனான். இன்னும் அது கடையில்தான் இருக்கிறது.

ஜூலியட் பிறந்தது எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். கொழுந்து பறிக்கப் போகப் பிடிக்காமல், மாத்தளையில் ஒரு மீன்கடைக்குத் தொட்டி கழுவப் போனாள். "சின்னக் கிண்ணத்துல வச்சா சின்னதாவே இருக்கும்" என்று அந்த முதலாளி வாய் கூசாமல் சொல்லி ஆமை விற்றதைக் கேட்டாள். விற்காமல் செத்து மிதந்தவற்றை அள்ளிப் போட்டதும் அவள்தான். தனக்கென்று கடை வந்தபோது, ஆமைத்தொட்டியை முகப்பில் வைக்கவில்லை. வருகிற போகிற பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டித் தட்டி அதன் உயிரை வாங்கும் என்று உள்ளே தள்ளி வைத்தாள். மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு, பாதித் தண்ணீர், நடுவில் தலை வெளியே தெரிய ஒரு செங்கல், தொட்டவர்கள் கை கழுவப் பக்கத்தில் சவர்க்காரம். ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்கலில் ஏறிக் குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இப்போது அவள் கேட்கிற முதல் கேள்வி, "ஏறி உக்கார எடம் இருக்கா?" என்பது. அந்தக் கேள்வி முன்பு அவளிடம் இருக்கவில்லை. அந்தோனியார் திருவிழா ஒன்றுதான் அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது.

திருவிழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்னால், அவள் பிறந்த லயத்திலிருந்து காத்தாயி கடைக்கு வந்தாள். காத்தாயி கொழுந்து பறிக்கிறவள். ஜூலியட்டின் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். அவள் ஆமை கேட்டபோது ஜூலியட்டுக்கு ஒரே ஆச்சரியம்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா ஆமை?"

"லயத்துப் புள்ளைக எல்லாம் ஆசைப்படுதுக புள்ள."

ஊர்க்காரி என்பதற்காகச் சலுகை காட்டவில்லை. வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். தண்ணீர் நிறைய இருக்கும் என்றாள் காத்தாயி. உச்சி வெயில் நேராக விழும், யாரும் கையால் தொட மாட்டார்கள், எவ்வளவு பெரிதானாலும் இடம் காணும், சத்தியமாக ஆற்றில் விட மாட்டோம். இவ்வளவு நல்ல பதிலை ஜூலியட் யாரிடமும் கேட்டதில்லை. முற்றத்தில் பெரிய சீமெந்துத் தொட்டி கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, இருந்ததில் துடியான குஞ்சாகப் பார்த்துக் கொடுத்தாள். செங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கண் முன்னால் தெரிகிறதே!

திருவிழாவன்று ஜூலியட் தோட்டத்துக்குப் போனாள். பூசை முடிந்ததும், கோயிலுக்கு வந்தவர்கள் வராதவர்கள் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் கசகசா போட்ட சர்பத். வெயிலுக்கு இதமாக இருந்தது. இரண்டு கிளாஸ் குடித்தாள்.

"வா புள்ள, ஒன் ஆமையப் பாரு" என்று காத்தாயி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லயத்துக்குக் கீழே போனாள். கிணற்றடியில் நின்றாள்.

ஜூலியட் குனிந்து உள்ளே பார்த்தாள்.

அந்தக் கிணற்றில் முன்பு எப்போதும் ஒரு ஆமை இருக்கும். சின்ன வயதில் அவளும் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஆமை கிடந்தால் புழு பூச்சியைத் தின்று கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது லயத்து நம்பிக்கை. அந்தக் கறுப்பு ஆமை கல் இடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு கிணற்றைத் தூர்வாரிக் கொங்கிரீட் வளையம் இறக்கினார்கள். பழைய கல்லெல்லாம் போயிற்று, ஆமையும் போயிற்று. ஆமை இல்லாத கிணறு கெட்டுப்போகும் என்று பேசி, காத்தாயியைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வழவழவென்ற வளையத்துக்குள்ளே ஜூலியட் கொடுத்த ஆமை நீந்திக்கொண்டிருந்தது. சுவரோரமாகப் போய்க் காலால் பிறாண்டும், வழுக்கும், மறுபடி நீந்தும். அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது ஓய்ந்திருக்கவேயில்லை.

"ஒன் பேருதான் வச்சிருக்கோம்" என்றார் தோட்டத்துத் தலைவர் முத்துவீரன், பெருமையாக. "ஜூலியட், ஜூலியட்னு புள்ளைக சோறு போடுதுக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொட்டி கழுவப் போனவளுக்கு அந்த லயம் கொடுத்த முதல் மரியாதை அது. திருவிழாவும் அதுவுமாக எப்படி வாயைத் திறப்பது? நாளைக்குச் சொல்லலாம், தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று மனசு சமாதானம் தேடியது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்போது ஒரு தாய் வாளியைத் தூக்கி, இடுப்பிலிருந்த பிள்ளையின் போத்தலில் தண்ணீரை ஊற்றினாள்.

"அத குடுக்காதீங்க!"

தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று ஜூலியட்டே எதிர்பார்க்கவில்லை. சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. ஆமை கிணற்றைச் சுத்தம் செய்யாது, அதன் கழிவும் தண்ணீரில்தான் கலக்கும், குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வரலாம், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. இந்த ஆமை இப்படியே கிடந்தால் அதுவும் செத்துப்போகும்.

காத்தாயியின் முகம் சிறுத்துப்போனது.

"நீ கேட்டதுக்கெல்லாம் நான் சரியாத்தானே சொன்னேன்? ஒரு பொய் சொன்னேனா?"

"இல்லக்கா. நீங்க சொன்னதெல்லாம் சரி. நான்தான் கேக்க வேண்டியத கேக்கல. அது ஏறி உக்கார எடம் வேணும்னு நான் சொல்லலையே."

"கடையில அந்தச் செங்கலு அழகுக்கு வச்சதுன்னு நெனச்சேன்" என்றாள் காத்தாயி.

"நம்ம காலத்து ஆமை எல்லாம் கெணத்துலதானே வாழ்ந்துச்சு" என்று முத்துவீரன் முணுமுணுத்தார். "அதுக்குக் கல்லு இருந்துச்சுங்க தலைவர்" என்றாள் ஜூலியட். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

எப்படிப் பிடிப்பது என்பது அடுத்த பாடாக இருந்தது. ஆமை ஆழத்துக்குப் போய்விட்டால் கிணற்றை இறைக்க வேண்டும். வலை போடலாம் என்றார்கள், ஆளை இறக்கலாம் என்றார்கள். காத்தாயி லயத்துக்கு ஏறிப்போய், தன் காம்பரா அறையிலிருந்து பழைய கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்தாள். அதற்குள் ஒரு கல்லைப் போட்டு, வாளிக் கயிற்றில் கட்டிச் சாய்வாக இறக்கினாள்.

கூடையின் விளிம்பு தண்ணீரில் பட்டது. துரத்த வேண்டியிருக்கவில்லை. ஆமை நேராகக் கூடையைத் தேடி வந்தது. விளிம்பைப் பற்றி ஒரு தரம் வழுக்கியது. இரண்டாம் தரம் ஏறிவிட்டது. ஏறியதும் நான்கு கால்களையும் கழுத்தையும் நீட்டிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

மேலே நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அடி ஆத்தாடி" என்றாள் காத்தாயி. "இத்தன மாசமா நிக்க எடமில்லாம நீஞ்சிக்கிட்டே இருந்திருக்கே."

கூடை மெல்ல மேலே வந்தது. ஜூலியட் ஆமையைத் தொட்டுப் பார்த்தாள். ஏறி வெயில் காய இடமில்லாததால் ஓடு தோல்போல மெத்தென்று இருந்தது. கடைக்குக் கொண்டுபோய் வெளிச்சமும் நல்ல தீனியும் கொடுத்தால் தேறலாம், தேறாமலும் போகலாம். தண்ணீரை இறைத்து மருந்து போட ஆள் பார்க்கிறேன் என்று முத்துவீரன் புறப்பட்டார். போத்தலில் ஊற்றிய தண்ணீரை அந்தத் தாய் கொட்டினாள்.

எடுத்துப் போக ஜூலியட் பையை விரித்தாள். காத்தாயி கூடையை விடவில்லை. தோட்டத்து வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கிணற்றடியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறு புள்ள" என்றாள். "உக்காந்திருக்கட்டும்."