கடதாசிச் செலவு யாருக்கு

குவைத்தில் வெயில் காலம் வந்தால் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே உடுப்புத்தான். கழுத்தில் இருந்து கணுக்கால் வரை வெள்ளை. கடை முதலாளியும் அதைத்தான் உடுப்பார், கழுதையில் தண்ணீர் கொண்டுவந்து விற்கிறவனும் அதைத்தான் உடுப்பான். நான் தையற்காரன். காலையில் மெஷினுக்கு முன்னால் குந்தினால் பின்னேரம் வரை வெள்ளைத் துணிதான். ஊரில் பெருநாள் மாதத்தில் என் மெஷினைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய் வெட்டுத்துண்டு கிடக்கும். இங்கே கூட்டி அள்ளினால் உப்புக் குவியல் மாதிரி இருக்கும். முதல் மாதம் கண் கூசியது. பிறகு பழகிவிட்டது. உடுப்பு ஒன்றாய் இருப்பதால் மனிதரும் இங்கே ஒன்றுதான் என்று நானும் கொஞ்ச நாள் நினைத்தேன்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்து முதலில் கேட்பது “ஹிந்தி?” என்றுதான். இல்லை, ஸீலான் என்பேன். இலங்கைக்கு இங்கே அதுதான் பேர். “ஸீலான்! சாய்!” என்று சிரிப்பார்கள், நான் தேயிலைப் பெட்டிக்குள் இருந்து இறங்கினவன் மாதிரி. தேயிலைத் தோட்டத்தை நான் கண்ணால் கண்டதில்லை. சாய்ந்தமருதில் எங்களுக்குக் கடலும் வயலும்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம்களைச் சோனகர் என்பார்கள். எங்கட மூத்தவர்கள் அறபு நாட்டில் இருந்து கப்பலில் வந்தவர்கள் என்று சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்தோம். ஒருநாள் அளவுக்கு நின்ற ஒரு பெரியவரிடம் இதைக் கையாலும் வாயாலும் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்: “நல்லது ஹிந்தி. கை நீளம் கொஞ்சம் கூட வை.”

ஊரில் இருந்து வருகிற கடிதங்களில் ஒரே கேள்விதான் இருக்கிறது. எனக்கும் ஒரு கடதாசி எடுத்து அனுப்ப ஏலுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாய் எழுத எனக்கு நேரமும் இல்லை, படிப்பும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனபடியால் எல்லாருக்குமாய் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வேலைக்கு வருவதென்றால் இங்குள்ள ஒரு முதலாளி உங்களைக் கேட்க வேண்டும். அவர் கேட்டால் ‘நோ ஒப்ஜெக்ஷன்’ என்று ஒரு கடதாசி கிடைக்கும். இந்த ஆள் வருவதில் தடையில்லை என்று பொருள். அதோடு முதலாளி தன் பங்குக்கு ஓர் உடன்படிக்கையும் எழுதி அனுப்புவார். அது அறபில் இருக்கும். பம்பாயில் துணி வாங்கி விற்கிற எங்கட ஊரார் ஒருவர் என் பேரைச் சொல்லி, எனக்கும் அப்படி இரண்டும் வந்தது.

அது வந்த நாளை நான் மறக்கவில்லை. என் பெண்சாதி ஆசியா உம்மாவின் வாப்பா, உதுமாலெப்பை மாமா, தொழப் போகிறவர் மாதிரி கைகால் கழுவி வுழூ செய்துகொண்டு வந்துதான் உறையை உடைத்தார். அறபு எழுத்தைக் கண்டதும் முத்தி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையைக் கூப்பிட்டோம். அவர் அதை ராகத்தோடு ஓதினார். கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து மாமி ஆமீன் சொன்னா. ஓதி முடித்து லெப்பை கடதாசியை மடித்தார்.

“எனக்கு ஓதத்தான் தெரியும் மாப்பிள. பொருள் வேணுமெண்டா படிச்ச ஆலிம்சா ஒருத்தர்ட்ட காட்டுங்க” என்றார்.

மாமா விடவில்லை. “அறபு எழுத்துல ஆரும் பொய் எழுதுவானா லெப்பை?”

“நபியை எதிர்த்த அபூஜஹிலும் அறபுதான் கதைச்சவன்.”

எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வட்டிலாப்பம் சாப்பிட்டோம். கடதாசி குர்ஆன் வைக்கிற தட்டில் ஏறியது. நோ ஒப்ஜெக்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டு நான் கொழும்புக்குப் போனேன்.

கொழும்பில் பாஸ்போட் எடுக்கிற கந்தோரில் பிணை கேட்டார்கள். வெளிநாட்டில் நான் வேலை இழந்து வக்கில்லாமல் நின்றால் அரசாங்கம் கப்பல் ஏற்றித் திருப்பிக் கொண்டுவரும். அந்தச் செலவுக்கு இங்கே காணியோ வீடோ உள்ள ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். என் பேரில் எதுவும் இல்லை என்றேன். கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார்.

“உமக்கெண்டு ஒரு துண்டுக் காணியும் இல்லையோ?”

“எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்குத்தான் ஐயா. கலியாணம் முடிச்சா நாங்க பெண்சாதிர வீட்டுக்குப் போய்ருவம்.”

“அப்ப உம்மைப் பிணை எடுக்கிறதும் பெண்சாதிதான்” என்று பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்கச் சொன்னார். அவரும் சிரித்தார். சிரிக்கிற கதைதான். ஆனால் அதுதான் நடந்தது. ஆசியா உம்மா தன் சீதன வீட்டுக்கு மேல் பெருவிரலை வைத்தா. “வீட்டக் குடுத்து மாப்பிள எடுத்தம். இப்ப மாப்பிளய அனுப்புறதுக்கும் வீட்டத்தான் குடுக்கம்” என்றார் மாமா.

தலைமன்னாரில் இருந்து இந்தியாவுக்குச் சின்னக் கப்பல், பிறகு ரயில், பம்பாயில் பதினொரு நாள் காத்திருப்பு, பிறகு கப்பலின் மேல்தட்டு. எல்லாம் முதலாளி அனுப்பிய காசில் நடந்தது. என்னைக் கூப்பிட்டவர் அவர், ஆனபடியால் அவர் தருகிறார் என்று நினைத்தேன். முதல் மாதச் சம்பளம் பாதிதான் கைக்கு வந்தது. பிழை என்று நினைத்தேன். இரண்டாம் மாதமும் பாதி. கடைக்கு எதிரில் தேத்தண்ணி ஊற்றுகிற கோயா என்கிற மலையாளத்தார் இருபது வருடம் இங்கே இருந்தவர். அறபு வாசிப்பார், தமிழும் கதைப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் கேட்டேன். முதலாளி அபூ காலித் கோபிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, ஊரில் நாங்கள் முத்தி வைத்த அதே கடதாசியின் மற்றப் பிரதியை எடுத்துக் கோயாவிடம் கொடுத்தார்.

கோயா ராகம் போடாமல் வாசித்தார். நோ ஒப்ஜெக்ஷன் எடுத்த செலவு, பம்பாய்த் தரகரின் கூலி, அம்மை ஊசி, கப்பல் காசு எல்லாம் வேலைக்காரனுக்கு. அது தீரும்வரை பாதிச் சம்பளம். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் திரும்பும் செலவும் அவனுக்கே. ஒரு பொய்யும் அதில் இல்லை. மாமா சொன்னது சரிதான்.

விலகினால் என் கையில் கப்பல் காசு இருக்காது. இருக்காவிட்டால் அரசாங்கம் ஏற்றும். ஏற்றினால் ஆசியா உம்மாவின் வீடு போகும். அங்கே நின்றபடியே இவ்வளவும் விளங்கியது.

நான் சொன்னேன், கோயா அறபாக்கினார். எங்கட ஊரில் நெல் வெட்டுக் காலத்தில் வயற்காரப் போடியார் பக்கத்து வீரமுனையில் இருந்து ஆள் கூப்பிடுவார். வண்டியை அவர்தான் அனுப்புவார். மழை வந்து வெட்டு நின்றாலும் சோறு அவர்தான் போடுவார். திரும்பிப் போகிற வண்டியும் அவருடையது. கூப்பிட்டவன் பொறுப்பு. வெட்ட வந்தவனிடம் வண்டிக்கூலி கேட்ட போடியாரை நான் கண்டதில்லை.

அபூ காலித் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: “உன் ஊரில் வயல் கூட, ஆள் குறைவு. இங்கே என் கடை ஒன்று, வர நிற்கிறவன் ஆயிரம். நான் உன்னைக் கயிறு போட்டா இழுத்தேன்? உனக்கு முன்னால் கராச்சிக்காரன் ஒருவன் வந்தான். அவனுக்கு எல்லாம் நான்தான் கட்டினேன். நாற்பது நாளில் எண்ணெய்க் கொம்பனிக்கு ஓடினான். அந்தச் செலவை எனக்கு யார் தந்தது?”

அதிலும் நியாயம் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடினவன் கராச்சிக்காரன், கட்டுகிறவன் நான். ஆள் ஓடாமல் இருக்க வேண்டுமென்றால் கொம்பனி கொடுக்கிற கூலியைக் கொடுக்கலாம். அதை நான் கோயாவிடம் சொன்னேன். கோயா அதை அறபாக்கவில்லை. “இதைச் சொன்னால் நாளைக்கு உனக்கும் வேலை இல்லை, எனக்கும் இங்கே சாயா வியாபாரம் இல்லை” என்றார்.

அன்றைக்குப் பகல் வழக்கம்போல ஒரே தாலத்தில் சோறு வந்தது. முதலாளியும் நானும் எதிர் எதிரே குந்திச் சாப்பிட்டோம். நல்ல இறைச்சித் துண்டாய்ப் பார்த்து என் பக்கம் தள்ளிவைத்தார். தொழுகையிலும் தோளோடு தோள் நின்றார். வெளியே வந்தபோது கோயா சொன்னார்: “இயாள் கெட்ட மனுசன் இல்லை. அதுதான் உனக்குக் கஷ்டம். கெட்டவனென்றால் ஏசிவிட்டுப் போகலாம்.”

இரண்டு வருடம் அப்படிப் போனது. பாதியில் பாதியை ஊருக்கு அனுப்பினேன். ஒருநாள் முதலாளி பக்கத்துக் கடையையும் எடுத்துக் கதவை உடைத்துப் பெருப்பித்தார். இன்னொரு தையற்காரன் வேண்டும் என்றார். “உன் ஊரில் இருந்து உன்னைப் போல ஓடாத ஒருவனைக் கொண்டுவா. அவன் வந்து இறங்குகிற அன்றைக்கு உன் மிச்சச் செலவை விடுகிறேன். நீ திரும்புகிற கப்பலும் என் பொறுப்பு என்று எழுதித் தருகிறேன்.” எனக்கு மட்டும் அந்த நியாயம். வருகிறவனுக்குப் பழைய கடதாசிதான்.

அந்த மாதமே என் சகலன் ஆதம்பாவாவின் கடிதம் வந்தது. ஆசியா உம்மாவின் தங்கச்சி சுலைகாவின் மாப்பிள்ளை. என் மெஷினில் தையல் பழகினவன். இரண்டு சகோதரிகளின் வீடும் ஒரே வளவில், நடுச்சுவர் ஒன்று. “காக்கா, எனக்கும் ஒரு கடதாசி எடுங்க. உங்களுக்குத் துஆ செய்வன்” என்று எழுதியிருந்தான். மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்பான்.

நான் ஏழு நாள் பதில் எழுதவில்லை. எட்டாம் நாள் முதலாளியிடம் போய்க் கேட்டேன். கடதாசி வந்தது. அதைக் கோயாவிடம் கொடுத்து வரி வரியாய்ச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் வேறு தாளில் எழுதினேன். செலவு உனக்கு. பாதிச் சம்பளம். விலகினால் சுலைகாவின் வீடு போகும். நீ வந்தால் என் செலவு விடுபடும், அதையும் அறிந்துகொள். இவ்வளவும் எழுதினேன். இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டினேன். தமிழ்த் தாளை வாசித்தால் வர மாட்டான் என்று நினைத்தேன். அப்படியென்றால் அறபுக் கடதாசியை ஏன் உறையில் வைத்தாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

ஆசியா உம்மாவுக்கு எழுத வராது. அவவின் கடிதங்களை எப்போதும் சுலைகாதான் எழுதுவாள். இந்த முறை சுலைகா தன் பேரிலேயே எழுதியிருந்தாள்.

“மச்சான், உங்கட தமிழ்த் தாள நான்தான் எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டின. மருமகன் தனிய உழைக்கப் பாக்கிறார் எண்டு வாப்பா சொன்ன. நான் அப்பிடி நினைக்கல்ல. ஆனா ராத்தாட கூரைக்கு ஓடு போட்டாச்சி. எங்கட கூரை கிடுகு. மாரியில புள்ளைகளத் தூக்கிக்கொண்டு ராத்தாட பக்கம்தான் ஓடுறம். உங்கட எழுத்த நம்புறதா, ராத்தாட ஓட்ட நம்புறதா, நீங்களே செல்லுங்க. வீட்டுப் பிணைக்கு நான் கைநாட்டு வைக்கல்ல மச்சான், வாசிச்சிப் பாத்துக் கையெழுத்துத்தான் வெச்சன்.”

ஆசியா உம்மாவின் கூரையில் ஏறிய அந்த ஓடு நான் அனுப்பிய பாதியில் பாதி.

இதை வாசிக்கிறவர்கள் என்னிடம் கடதாசி கேட்க வேண்டாம். வேறு யாராவது தந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள். யாருக்கு ஆள் தேவையோ அவன் வரும் செலவையும் போகும் செலவையும் தரட்டும். தர மாட்டேன் என்றால் அவனுக்கு ஆள் தேவையில்லை, தேவைப்படுவது ஆளின் வீட்டுப் பத்திரம். இப்படிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. சொல்கிறேன்.

போன கிழமை கப்பல் வந்தது. இங்கே கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நானும் முதலாளியும் போய் நின்றோம். ஆதம்பாவா தண்ணீருக்குள் குதித்தே வந்தான்.

“காக்கா! என்ன இப்பிடி மெலிஞ்சி போயிட்டீங்க? சோறு இல்லையா, இரிந்தும் இறங்கல்லயா?”

கட்டிப் பிடித்தான். அவனில் கப்பல் எண்ணெய் வாடை. முதலாளி அவனுக்கும் கை கொடுத்து, சுகம் கேட்டு, நெஞ்சில் கை வைத்தார். ஆதம்பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு நல்ல மனிசன் காக்கா” என்றான். முதலாளி என் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னார். வருகிற ஆளின் பாஸ்போட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது இங்கே வழக்கம்.

“பாஸ்போட்டத் தா மனே” என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பான். மடியை அவிழ்த்து எடுத்துத் தந்தான். வியர்வையில் ஈரமாய் இருந்தது.

முதலாளி முன்னால் நடந்தார். ஆதம்பாவா ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான். நான் நடுவில். ஒரு கையில் அவனுடைய தகரப்பெட்டி, மற்றக் கையில் அவனுடைய பாஸ்போட்.