ஒன்பது பேரில் ஒருவர்

சனிக்கிழமை என்றால் சண்முகநாதன் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ட்ராம் ஏறிவிடுவார். சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ தெருவிலிருந்து இரண்டு ட்ராம் மாறி, ஒரேயொரு பாண் ரொட்டிக்காக. "முக்கில விக்கிறதும் பாண்தானேயப்பா?" என்று கேட்டுக் கேட்டு மனைவி தில்லைநாயகி ஓய்ந்துபோனார்.

ட்ராமில் அவர் முகங்களைப் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பார். "இது தச்சன்ரை கை. அது காயிதம் புரட்டுற கை." யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் அப்புக்காத்தாக ஜூரிமார் முன்னால் வாதாடியவர், தொழில் போனாலும் பழக்கம் போகுமா? இப்போது உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். கோர்ட்டில் தமிழர் வழக்கு வந்தால் மொழிபெயர்க்கப் போவார்.

போன வருடம் அப்படி வந்தது குலேந்திரனின் வழக்கு. வேலை செய்த சமையலறைக்கே தீ வைத்தான் என்று குற்றச்சாட்டு. முதலாளியோடு சண்டை பிடித்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். முன்கையில் தீப்புண் கோடுகள். பொலிஸாரின் பெரிய சாட்சியே அதுதான். தீர்ப்புப் பிசகினால் சிறை, பிறகு கொழும்புக்கு விமானம். "வழக்குப் பைலை மட்டும் வாசிச்சிருந்தால் நானே அவனைக் குற்றவாளி எண்டிருப்பன்" என்கிறார்.

ஆனால் இங்கே நீதிபதிகளோடு ஒன்பது சாதாரண சனமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேரில் கேட்டார்கள். அவர்கள் உள்ளே வரும்போதெல்லாம் சண்முகநாதன் எழுந்து, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுத் தலை தாழ்த்துவார். ஊரில் ஜூரிக்குச் செய்த மரியாதை அது.

மூன்றாம் நாள், ஒன்பது பேரில் பருத்த ஒருவர் அனுமதி வாங்கிக் குலேந்திரனின் கையை அருகில் பார்த்தார். எல்லாம் ஒரே நாளில் பட்டதா என்று கேட்டார்.

"இல்லை ஐயா. தட்டு இழுக்கேக்கை அடுப்புக் கதவு சுடும். கிழமைக்கு ரண்டு தரமெண்டாலும் படும்."

சண்முகநாதன் ஜெர்மனில் சொல்லி முடித்ததும் அந்த மனிதர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டார். அங்கேயும் அதே கோடுகள், பழையதும் புதியதுமாக. அவர் பாண் போடுகிறவர். மற்ற எட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். குலேந்திரன் விடுதலையானான்.

"சட்டப் புத்தகத்திலை அடுப்புக் கதவு இல்லைக் கண்டீரோ. எனக்கே தோன்றேல்லை. ஊரிலை பயங்கரவாதச் சட்டம் வந்தாப் பிறகு அந்த வழக்குகளுக்கு ஜூரியே இல்லை. எத்தினை பொடியளின்ரை கையை ஆரும் பாக்கேல்லை." சண்முகநாதன் சொல்வது இது. இந்த நாட்டுக்குத் தன் முதல் நன்றி இதற்குத்தான் என்கிறார்.

ட்ராம் நிற்கிறது. பேக்கரியில் அந்தப் பருத்த மனிதர், இவரை நினைவிருக்கிறதோ என்னவோ, பாணைச் சுற்றி நீட்டுகிறார். சண்முகநாதன் உடனே வாங்குவதில்லை. கோட்டின் மேல் பொத்தானைப் போடுகிறார், தலை தாழ்த்துகிறார், பிறகுதான் கையை நீட்டுகிறார்.