எலாதியோவின் வயலில் பூனைப்பருந்து

பள்ளி வேனில் பிள்ளைகள் குறையக் குறைய, காசில்தாவின் கண் ஜன்னலுக்கு வெளியே போக ஆரம்பித்தது. ஸ்பெயினில் த்ருஹியோ ஊரைச் சுற்றிய வெட்டவெளியில் இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவள் அவள். எந்த மேட்டில் கானமயில் ஆடும், எந்தக் கம்பத்தில் பனங்காடை உட்காரும் என்பதெல்லாம் தானாகவே மனசில் படிந்துவிட்டது. பள்ளியை மூடியபோது, பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போக அந்த வேனை அவளே வாங்கினாள்.

"இந்தக் கிழட்டு வண்டியில ஏறிக் குருவி பாக்க யாரு மதினி வருவா?" என்று தங்கை புருஷன் எலாதியோ ஊர் பாரில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"நீ வரவேணாம் மாப்ள. வண்டி தாங்காது," என்றாள் காசில்தா.

ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது வசந்தத்தில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை.

அந்த மே மாதம் பில்பாவோ நகரத்திலிருந்து இத்சியார் என்ற பல் மருத்துவரும் அவர் தோழிகள் இருவரும் வந்திருந்தார்கள். காலையில் கானமயில்களைப் பார்த்தாயிற்று. மாலைக்குள் நீர்த்தேக்கம் போவதாகத் திட்டம். வழியில் எலாதியோவின் ஓட்ஸ் வயலுக்கு மேலே சாம்பல் நிற ஆண் பூனைப்பருந்து ஒன்று எலியோடு வந்தது. பெண் பறவை பயிருக்குள்ளிருந்து எழும்பி, மல்லாந்து, அந்தரத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே இடத்தில் இறங்கியது.

"அங்க கூடு இருக்கு," என்றாள் காசில்தா.

"அந்த அறுப்பு மெஷின் அங்கதானே போகுது?" என்றார் இத்சியார்.

எலாதியோ மாட்டுத் தீவனத்துக்காக ஓட்ஸைப் பச்சையாகவே அறுத்துக்கொண்டிருந்தான். காசில்தா கம்பிவேலிக்குள் குனிந்து புகுந்து, நேரே மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன மதினி, ரோடு அந்தப் பக்கம்."

"அணைச்சிடு மாப்ள. நடுவுல பூனைப்பருந்து கூடு வெச்சிருக்கு."

"நாளைக்கு மழைங்கறான். குளிர்காலத்துல என் மாடு என்னத்தத் திங்கும், உங்க பருந்தையா?"

"வயல் பூராவுமா கேட்டேன்? ஒரு ரூம் அளவு விடு."

"விடறேன்னே வெச்சுக்கங்க. சுத்தி மொட்டையா இருக்கும். நரி நேரா வந்து தின்னுட்டுப் போயிரும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. காசில்தா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"உன் பொண்டாட்டி கோழியை நரி ஏன் திங்கல?"

"அதான் வேலி போட்டிருக்கே."

"அதக் கழட்டிக் கொண்டா."

"ஐயோ! கோழிய என்ன பண்றது? உங்க தங்கச்சி என்னைக் கொன்னுடுவா."

"கோழி என் கொட்டகையில இருக்கட்டும். அவகிட்ட நான் பேசிக்கறேன்."

எலாதியோ தலையிலடித்துக்கொண்டே சிரித்துவிட்டு, வேலியைக் கழற்றிவரக் கிளம்பினான். காசில்தா வனக்காவலருக்குப் போன் போட்டாள். அவர், "நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, வேலியப் போடுங்க," என்றார். வேனின் மேல்படியில் நின்று இத்சியார் கையைக் காட்டிக் காட்டி வழி சொல்ல, காசில்தா பயிரை விலக்கிப் போனாள். தரையில் நாலு வெள்ளை முட்டைகள். தொடாமல் பின்வாங்கினாள்.

"நீர்த்தேக்கம் போக நேரமாயிடாதா?" என்று தோழிகளில் ஒருத்தி முனகினாள்.

"அது எங்கயும் ஓடிப்போகாதும்மா. இந்தக் கம்பியோட அந்த முனையைப் பிடிங்க."

எல்லாரும் பிடித்தார்கள். முனகியவள்தான் குச்சிகளை ஆழமாக அடித்தாள். வேலி நின்றதும் அவர்கள் ரோட்டுக்குத் திரும்பிக் காத்திருந்தார்கள். பெண் பருந்து இரண்டு முறை வட்டமிட்டுவிட்டுக் கூட்டில் இறங்கியது. வேனுக்குள் கைதட்டல். எலாதியோ மிச்சத்தை மழைக்கு முன்பே அறுத்து முடித்தான்.

நீர்த்தேக்கத்துக்கு அவர்கள் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. காற்று அடங்கிய தண்ணீரில் கொண்டை முக்குளிப்பான் ஜோடி நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆம்லெட் வைத்த ரொட்டியை யாரும் கடிக்கவில்லை. 'மத்தியானம் வந்திருந்தா இந்த ஆட்டம் கிடைச்சிருக்காது,' என்று காசில்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை முழுக்கக் கம்பிக் கீறல். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜூலையில் மூன்று குஞ்சுகள் பறந்தன. ஒரு முட்டை பொரியவில்லை. கோழிகள் அதுவரை காசில்தாவின் கொட்டகையில் இருந்து, முட்டையெல்லாம் அவளுக்கே போட்டன. எலாதியோ பாரில் எல்லாரையும் கூட்டிவைத்து, தான் பருந்தைக் காப்பாற்றிய கதையைச் சொன்னான். அதில் வேலி யோசனைகூட அவனுடையதாகிவிட்டது.

பக்கத்து மேஜையில் இருந்த காசில்தா காபியைக் கீழே வைத்தாள்.

"நல்லாச் சொல்ற மாப்ள. வர்ற வாரம் வேன்ல வந்து சொல்லேன், ஆளுங்க கேப்பாங்க."

"வண்டி தாங்குமா மதினி?"

"முன்சீட்டுல உக்காரு. பாத்துக்கலாம்."

அடுத்த வாரச் சனிக்கிழமை அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.