இனிக்கிற இரத்தம்

மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். கறுப்புச் சாயம் பூசிய பஸ். அதன் யன்னலில் ஒரு எலும்புக்கூடு கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஹாலோவீனுக்கு லண்டனில் பேய் உலாவும் இடங்களையெல்லாம் இந்த பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்களாம். "அம்மா, உங்களுக்கும் சீட் போட்டிருக்கிறன். வீட்டுக்குள்ளயே கிடக்காதேங்கோ" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. பேய் இருக்கிற இடம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? பேய் குறித்த நேரத்துக்கு வந்து நிற்குமா? இந்த ஊரில் பஸ்ஸே குறித்த நேரத்துக்கு வருவதில்லை.

சிரிக்காதீர்கள். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் இருக்கிற எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, ட்ராம் தரிப்பு வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆனால் ஹாலோவீன் பேய் விஷயத்தில் நான் சும்மா சந்தேகப்படவில்லை. அனுபவம் உண்டு. என் கல்யாணமே அதில் முறிந்துபோகப் பார்த்தது.

அப்போது ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து சில மாதங்கள்தான். பாரிஸில் இருந்த அண்ணை பேசி முடித்த கல்யாணம். மாப்பிள்ளை ஒரு பிஸ்கற் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனிசன்தான், அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாத ஆம்பிளையை நம்பலாமா என்பதே என் முதல் சந்தேகம்.

ஐப்பசி பிறந்ததும் அவருடைய போக்குவரவு மாறியது. "ஷிப்ட் மாத்திப் போட்டாங்கள்" என்று சொல்லி மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்கிடுவார். திரும்பி வரும்போது சட்டையில் முகத்துக்குப் பூசுகிற கோல்ட் கிரீம் மணக்கும். கண் ஓரத்தில் மை. பிஸ்கற் கம்பெனியில் மை எங்கிருந்து ஒட்டும்? அது போதாதென்று, குளியலறைக்குள் நின்று யாரோ கழுத்தை நெரிப்பதுபோல முனகுவார். கதவைத் தட்டினால் சத்தம் நின்றுவிடும். "தொண்டை கட்டிப்போச்சு" என்பார். தொண்டை கட்டினவருக்கு எப்படி அவ்வளவு சத்தம் வரும் என்று நான் கேட்கவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சட்டைக் கையில் சிவப்புக் கறை. லிப்ஸ்டிக்தான் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் சந்தேகத்தைச் சரியாகத் தீர்க்கவேண்டுமே! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது.

நான் அப்போது ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தேன். கூட வேலை செய்த சுகந்தி அக்காவிடம் மெல்ல வாயைத் திறந்தேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

"லிப்ஸ்டிக் இனிக்காது பிள்ளை. இது வேற ஏதோ பெரிய விசயம். ஒருக்கா ஆளுக்குப் பின்னால போய்ப் பார்" என்றார் சேலையை மடித்தபடி.

அன்றே சூட்கேஸை அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கண்ணால் கண்டுவிட்டால் நேரே பாரிஸுக்கு, அண்ணையிடம். அழுகை வந்தது. அந்த மனிசனை எனக்கு அதற்குள் பிடித்துப் போயிருந்ததுதான் பெரிய கரைச்சல்.

சனிக்கிழமை பின்னேரம் அவர் ஏறிய ரயிலில் அடுத்த பெட்டியில் நானும் ஏறினேன். இறங்கி ஆற்றைக் கடந்து நடந்தார். ரயில் பாலத்தின் கீழே கறுப்புப் பூசிய ஒரு கதவு. அதைத் திறந்து வந்த ஒரு வெள்ளைக்காரி, சிரித்தபடி அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவள் போட்டிருந்தது வெள்ளைக் கல்யாணச் சட்டை. அதுவும் கிழிந்தது. நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன்.

முன்பக்கத்தில் சனம் வரிசையில் நின்றது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? டிக்கெட் எடுத்துக்கொண்டு சனத்தோடு உள்ளே போனேன். கும்மிருட்டு, புகை, தொங்குகிற கை கால்கள். கூட வந்தவர்கள் குழறிக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். பேய் வீடு என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பயம் வரவில்லை. ஷெல்லடிக்குள் வளர்ந்தவளுக்கு பிளாஸ்டிக் எலும்புக்கூடு எந்த மூலைக்கு? நான் ஒவ்வொரு இருட்டிலும் புருஷனைத் தேடிக்கொண்டு போனேன்.

கடைசி அறையில் ஒரு சவப்பெட்டி. மூடி திறந்தது. வெள்ளை முகமும் வாயோரத்தில் வழிகிற இரத்தமுமாக ஒரு பிரேதம் எழும்பி முனகியது. சனம் விழுந்தடித்து ஓடியது. நான் ஓடவில்லை. அது எங்கள் குளியலறை முனகல்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். பேயாக நின்றாலும் புருஷன் புருஷன்தானே. வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ."

லண்டன் பேய்க்கு அந்தச் சொல் விளங்க நியாயமில்லை. இந்தப் பேய் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, "என்னப்பா?" என்றது.

சொன்ன பிறகுதான் தான் ஒரு பிரேதம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "ஐயோ, நீர் எப்பிடி இஞ்ச? போம், அடுத்த ஆக்கள் வரப்போகினம்."

"ஆர் அந்தக் கலியாணச் சட்டைக்காரி?"

"அவவும் பேய்தானப்பா!"

நான் அசையவில்லை. "அப்ப கம்பெனி?"

"அது பூட்டியாச்சு. உம்மட அண்ணையிட்ட சூப்பர்வைசர் எண்டு சொல்லித்தானே உம்மைக் கட்டினனான். பேய் வேலைக்குப் போறன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? நீர் விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு பயந்திட்டன்."

வெள்ளை முகத்தில் மை கரைந்து ஓடியது. ஊரைப் பயப்படுத்துகிற மனிசன் எனக்குப் பயந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவரைவிட அதிகமாக நான்தான் அழுதேன். வாயில் வழிந்தது சீனிப்பாகும் சிவப்புக் கலரும் என்று வீட்டில் வந்து சொன்னார். சூட்கேஸை அவரைக்கொண்டே பிரித்து அடுக்க வைத்தேன். "இனி உமக்கு ஒண்டும் ஒளிக்கமாட்டன்" என்றார்.

நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழுசாக. கடைக்காரன், கவுன்சில், காலநிலை அறிவிப்பு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அவரை மட்டும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது அந்தப் பாலத்தின் கீழே கோப்பிக் கடை. சுகந்தி அக்கா கனடாவில். பேய்களும் முன்னைப்போல் இல்லையாம், ஆள் கிட்டப் போனால் தானாக எழும்புகிற பொம்மைகளும் பெரிய திரைகளுமாம். கல்யாணச் சட்டைக்காரி எங்கே இருக்கிறாளோ.

அவர் போன மாசியில் போய்விட்டார். நெஞ்சுவலி. பல நாளாக இருந்திருக்கிறது என்று டொக்டர் பிறகுதான் சொன்னார். அன்று காலையில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லையப்பா, வயித்தில காஸ். ஒரு இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தாரும்" என்றார். நான் இஞ்சியை எடுத்து, பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்று யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.