ஒன்றேகால் மணித்தியாலம்

யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக் குணலட்சுமி வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் விமானம் ஏறினாள். அது 1964ஆம் ஆண்டு, தாயின் செத்தவீட்டுக்கு.

கொழும்பில் அவளுக்குத் தாதி வேலை. அதே யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கத்தோலிக்கர் கனிசியஸைக் கைப்பிடித்த நாளோடு அண்ணன் தில்லைநாதன் அவளைத் தலைமுழுகிவிட்டார். தாய் மட்டும் களவாகக் கடிதம் போடுவாள். எழுதத் தெரியாதவள், பக்கத்து வீட்டு இரத்தினம்மாவைக் கொண்டு எழுதுவிப்பாள். எல்லாக் கடிதத்துக்கும் கடைசி வரி ஒன்றுதான்: நான் கண்ணை மூடினால் நீ வந்து வாய்க்கரிசி போடவேணும்.

அண்ணனின் தந்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. அம்மா காலமானார், இன்று இரண்டு மணிக்குத் தகனம். பகல் ரயில் புறப்பட்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தது. அடுத்தது இரவுத் தபால் ரயில். அது யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது சாம்பலும் ஆறிவிடும்.

தில்லைநாதன் ரயில்வேயில் இருபது வருடம் குப்பை கொட்டியவர். எந்த ரயில் எப்போது என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆகாயத்தில் ஒன்று ஓடுவதை மனிதர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது துரைமாருக்கும் வழக்குப் பேசும் அப்புக்காத்துமாருக்கும் உரியது என்று அவர் மட்டுமல்ல, ஊரே நம்பியிருந்தது.

"பிளேனிலை இரத்மலானையிலையிருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணித்தியாலந்தான். வெளிக்கிடும்" என்றார் கனிசியஸ்.

"நீங்கள்?"

"நான் வந்தால் உம்மையும் படலைக்குள்ளை விடமாட்டினம். நீர் போம்."

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. விமானத்தில் அவள் ஒரு தடவைகூட யன்னலால் கீழே பார்க்கவில்லை, கைமணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தான். ஆனால் ஆத்திரம் அதைவிடப் பெரிது. பலாலியில் இறங்கி வாடகைக் காரில் வீடு வந்து சேர மணி ஒன்று. சுண்ணம் இடிக்கும் கிரியை முடிந்து, பெண்கள் வாய்க்கரிசி போட நின்றார்கள்.

அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"உவள் எப்பிடி வந்தவள்?" என்று சனத்தைக் கேட்டார். பிறகு, "வேதக்காரனோடை போனவள் சைவக் கிரியையிலை கை வைக்க ஏலாது" என்றார்.

குணலட்சுமி அவர் முகத்தையே பார்க்காமல் இரத்தினம்மாவிடம் திரும்பினாள். "அக்கா, அம்மா எத்தினை மணிக்குப் போனவா?"

அந்த வீட்டு முகத்தில் இரத்தினம்மா நாளைக்கும் முழிக்க வேண்டும். ஆனாலும் சொன்னாள். "நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு, பிள்ளை."

நேற்றே தந்தி அடித்திருந்தால் இரவு ரயிலிலேயே வந்திருப்பாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

"கொழும்பு இருநூற்றைம்பது மைல், அண்ணை. நான் ஒன்றேகால் மணித்தியாலத்திலை பறந்து வந்திட்டன். அம்மா செத்த செய்தி என்னட்டை வரப் பதினேழு மணித்தியாலம் எடுத்திருக்கு. அதை ஆர் பிடிச்சு வைச்சிருந்தது?"

தில்லைநாதன் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார். நன்றாகத்தான் கிடந்தது, மறுபடியும் சரிசெய்தார்.

"சரி, சரி. போட்டிட்டுப் போ."

"நான் உங்களிட்டைக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் அரிசியை அள்ளினாள்.

மூன்று தரம் போட்டாள். அதற்குப் பிறகுதான் தாயின் முகத்தில் முகம் வைத்துக் குழறி அழுதாள். இரண்டு மணி அடித்தும், அவளைத் தூக்கி விலக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.